நான் கத்தக் கற்றுக்கொடுத்தேன்

வகுப்பை உங்கள் இருவரிடமும் ஒப்படைத்துவிட்டு வீட்டில் நிம்மதியாக உட்காரலாம் என்று பார்த்தால், வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து, "டீச்சர், பழைய நோட்டு இருக்கா, கேள்வித்தாள் இருக்கா" என்று பிராணனை வாங்குகிறீர்கள். எல்லாம் பச்சை பீரோவில் இருக்கிறது. சாவி கீழே மோட்டார் காயில் கட்டும் கடைக்காரரிடம். இந்தோனேசிய மொழியைச் சொல்லிக்கொடுக்க அந்த நோட்டுகள் போதும். அந்த ஊரில் போய் மனிதர்களோடு மனிதனாக இருக்கச் சொல்லிக்கொடுக்கப் போதாது. இதை நான் அசிங்கப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதை எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்டு போன் செய்யாதீர்கள்.

நீங்கள் இருவரும் படித்துப் பரீட்சை எழுதி மொழியைத் தேறியவர்கள். நான் வாழ்ந்து கற்றவள். வீட்டுக்காரர் ஜாவாவில் ஒரு நூற்பாலைக்கு ஸ்பின்னிங் மாஸ்டராகப் போனபோது கூடவே போனேன். அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்கென்று நடத்திய வகுப்பில், ஒரு கொரியாக்காரர், இரண்டு ஆஸ்திரேலியப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து மொழியைப் படித்தேன். படித்த கையோடு தெருவில் காய்கறி விற்பவரிடம் அதைக் காட்டினேன். வெண்டைக்காய் முற்றல் என்று வாசலில் நின்று, நான்கு வீடு கேட்க, இலக்கண சுத்தமாகத் திட்டினேன். அவர் சிரித்தார். காயை மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் தெருவுக்கு அவர் வண்டி வரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கடைத்தெருவுக்கு நடந்து போனார்கள், என் புண்ணியத்தில். அப்போதே எனக்குப் பாடம் கிடைத்துவிட்டது. கிடைத்ததைப் பத்திரமாக மறந்தும் போனேன். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

திரும்பி வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறினோம். ராஜபாளையம், தளவாய்புரம், சோழபுரம் பக்கத்து மில் ஆட்கள் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போவது கூடிக்கொண்டே இருந்தது. மொழி தெரியாமல் திண்டாடினார்கள். அதனால் ராஜபாளையத்தில் நீங்கள் இப்போது பாடம் எடுக்கும் அதே மாடியில் வகுப்பைத் தொடங்கினேன்.

நீங்கள் மில்லுக்குள் கால் வைத்ததில்லை என்பதால் சொல்கிறேன். நூல் நூற்கும் ரிங் பிரேம்கள் வரிசையாக ஓடும் ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. நம் ஊர் சூப்பர்வைசர்கள் கத்தித்தான் பேசுவார்கள். "ஏலே, கண்ண எங்க வச்சிருக்க?" என்று பத்துப் பேர் கேட்கத் திட்டுவார்கள். திட்டு வாங்கியவன் கொஞ்ச நேரத்தில் அதே ஆளோடு கேண்டீனில் நின்று டீ குடிப்பான். யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்வதில்லை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் ஒரு பெரிய மூளைக்காரி வேலை செய்தேன். வகுப்பில் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்து, ஒரு மூலையில் ஒருவனையும் எதிர் மூலையில் இன்னொருவனையும் நிறுத்தி, "நூல் அறுகிறது, பார்!", "கவனமாக வேலை செய்!" என்று இந்தோனேசிய மொழியில் கத்தச் சொன்னேன். எதிர் மூலைக்காரனுக்குத் தெளிவாகக் கேட்டால்தான் மதிப்பெண். ஒருநாள் கீழ்க்கடைக்காரர், "டீச்சர், மேல ஏதும் தகராறா?" என்று ஓடி வந்தார். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

இந்த நேரத்தில்தான் ஜாவாவிலிருந்து ஓர் ஆசிரியை வந்தாள். தங்கள் மொழியை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த நாடு ஆள் அனுப்புகிறது. அப்படி நம் வகுப்புக்கு நான்கு மாதம். முப்பது வயதுகூட இருக்காது. என் வீட்டில்தான் தங்கினாள். பையன்கள் என்னைப் பெரிய டீச்சர், அவளைச் சின்ன டீச்சர் என்றார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபித்துக்கொள்வாள், கோபம் வந்தாலும் சிரிப்பாள், நமக்குத்தான் தெரியாது. அவளைக் கொண்டுவந்து விட்ட அதிகாரி, மொழி இரண்டு நாட்டுக்கும் பாலம், இங்கே படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தூதர் என்று பேசினார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கேசரி சாப்பிட்டோம். தூதர் போய்ச் சேருகிற இடத்தில் யார் நிற்பார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் நம் கத்தல் பாடத்தைப் பார்த்துச் சின்ன டீச்சர் சிரித்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம், "இவர்களுக்குக் குரல் மிகவும் ஆரோக்கியமாக இருக்கிறது, இபு" என்றாள். இபு என்றால் அம்மா. அங்கே மரியாதைக்கு வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் நன்றி சொன்னேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து தினமும் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு வந்தாள். "மாணவர்களுக்குத் தொண்டை வலிக்குமே" என்றாள். எவ்வளவு தங்கமான பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வகுப்பிலேயே கணீரென்ற குரல் முத்துராஜுக்கு. சோழபுரத்துக்காரன். உள்ளூர் மில்லில் ஒன்பது வருஷம் பிட்டராக, அதாவது மிஷின்களைப் பிரித்துச் சரிசெய்பவனாக, இருந்தவன். ஜாவாவில் ஒரு மில்லில் அவனுக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பத்தாவது மட்டும் படித்தவன் அவ்வளவு அழகாக இந்தோனேசிய மொழி பேசுவதைப் பார்த்து எனக்கு அவன்மேல் தனிப் பிரியம். ஒளிக்க என்ன இருக்கிறது, என் செல்லப் பிள்ளை அவன்.

அவன் போய் மூன்று வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் வகுப்பு நடக்கும்போது போன் வந்தது. நம்ம ஆள் பேசுகிறான், மற்றவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சர், தப்புப் பண்ணிட்டேன் போல இருக்கு."

"போல என்னலே போல? என்ன பண்ணுன?"

சொன்னான். ஒன்பதாம் நம்பர் ரிங் பிரேமில் ஓயாமல் நூல் அறுந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த மிஷினைப் பார்த்துக்கொள்பவர் சுமி என்ற அம்மா. ஐம்பது வயது, இருபது வருஷத்துக்கு மேல் அதே மில்லில் வேலை.

"கவனமா பாக்க மாட்டீங்களான்னு சத்தம் போட்டேன் டீச்சர். நீங்க சொல்லிக்குடுத்த அதே வாக்கியம்தான். ஒரு எழுத்துப் பிசகலை. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலை. தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் கத்துதேன், சிரிக்காங்களேன்னு எனக்கு இன்னும் கோவம் வந்துட்டு. இன்னும் ரெண்டு தடவை கத்திட்டேன்."

"பொறவு?"

"மறுநாள்ல இருந்து வேலைக்கு வரலை. இன்னைக்கு நாலாம் நாள். ஏழாம் நாளும் வரலைன்னா வேலைய விட்டுட்டதா எழுதிருவாங்களாம். ஷிப்ட்ல ஒருத்தரும் எங்கூடப் பேச மாட்டேங்காங்க. நான் சோத்துத் தட்டோட போய் உக்காந்தா எந்திரிச்சுப் போயிருதாங்க. என் வேலை போனாப் போகுது டீச்சர், ஊருக்கு வந்து ஸ்பேனர் புடிப்பேன். அந்தம்மா வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியலையாம். இவிய ஒருத்தர் சம்பாத்தியம்தானாம். என்னால அதுவும் போயிருமே."

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊரறிந்தது. பிடித்துக்கொண்டேன் அவனை. "அறிவு இருக்காலே உனக்கு? அம்மா வயசுப் பொம்பளைய நிறுத்தி வச்சுக் கத்திருக்க! என் பேரக் கெடுக்கவா உன்னைய அனுப்பி வச்சேன்?" வகுப்பில் இருந்த இருபது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.  திட்டி முடித்து, தீர்ப்பும் நானே சொன்னேன். "எல்லார் முன்னாலயும்தான திட்டுன? எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு. அந்தம்மாவை வரச்சொல்லி, ஷிப்ட் மாறுத நேரம் மொத்தப் பேரையும் நிக்கவச்சு, கையெடுத்துக் கும்புட்டுக் கேளு. என்ன பேசணும்னு நான் எழுதித் தாரேன்."

வகுப்பு தலையாட்டியது. நம் ஊர் நியாயம் அதுதானே. நான் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இந்தோனேசிய மொழியில் மன்னிப்புரை எழுத ஆரம்பித்தேன். நல்ல கம்பீரமான நடை. மூன்று வரி போயிருக்கும்.

"வேண்டாம், இபு. இது தவறு."

திரும்பினேன். சின்ன டீச்சர் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தமிழில் நடந்த பேச்சையெல்லாம் பக்கத்திலிருந்த பையன் ஒருவன் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அந்த அம்மாவை மறுபடியும் எல்லோர் நடுவிலும் நிறுத்தப்போகிறீர்களா? முதல் தடவை பார்க்காதவர்களும் வந்து பார்ப்பார்கள். நீங்கள் இப்போது இவரை இருபது பேர் கேட்கத் திட்டுகிறீர்கள். அவர் அங்கே செய்தது இதைத்தானே?"

அவள் தன் மொழியில் பேசியது வகுப்பில் அத்தனை பேருக்கும் புரிந்தது. புரியும்படி கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

என் காதெல்லாம் கொதித்தது. எத்தனையோ வருஷமாக அந்த அறையில் என்னை எதிர்த்து ஒருவர் பேசியதில்லை.  நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். சிரிப்பு வந்து சிரிக்கவில்லை. முகத்தை வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். சுமி அம்மா ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரிந்தது அந்த நிமிஷம்தான். அங்கே வாழ்ந்த வருஷங்கள் எனக்குச் சொல்லித் தராததை அந்த ஒரு நிமிஷம் சொல்லித் தந்தது.

"முத்துராஜு, செத்த நேரம் கழிச்சு நானே கூப்பிடுதேன்" என்று போனை வைத்தேன். பலகையை அழித்துவிட்டு வகுப்பை அரை மணி நேரம் முன்னதாகவே விட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.  பாதி தூரத்தில் பார்க்கிறேன், அவள் அழுதுகொண்டிருக்கிறாள். வயதில் பெரியவளை மற்றவர்கள் முன்னால் தவறு என்று சொல்லிவிட்டாளாம். அவள் அம்மா கேட்டால் தாங்க மாட்டாளாம். எனக்கு என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"முன்னாலேயே தனியாகச் சொல்லியிருக்கலாமே, கண்ணு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னேனே, இபு. மூன்று தடவை சொன்னேன்" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு, ஆரோக்கியமான குரல், வெந்நீர். மூன்று தடவை. அவள் ஊரில் நாகரிகமான மனுஷிக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்? அந்த மொழியின் அகராதியையே கரைத்துக் குடித்தவள் என்று எனக்கு நினைப்பு. பக்கத்திலேயே ஒருத்தி மூன்று வாரமாகப் பேசியது காதில் ஏறவில்லை. வெட்கமாக இருந்தது. பஸ்ஸிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கண்டக்டர் மட்டும் ஒருமாதிரி பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு முத்துராஜைக் கூப்பிட்டேன். சின்ன டீச்சர் சொல்லச் சொல்ல நான் அவனிடம் சொன்னேன். அந்த அம்மா வீட்டுக்குப் போ. தனியாகப் போ. கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போ, அதிகமாக வாங்காதே. குடிக்க எது கொடுத்தாலும் அவர்கள் குடியுங்கள் என்று சொன்ன பிறகு குடி. அந்த விஷயத்தை நீயாக எடுக்காதே.

"பேசுததுக்கு எழுதித் தாரேன்னீங்களே டீச்சர்?"

"பேச்சுக் கெடையாதுப்பா."

"பேசாம அங்க போய் என்ன செய்ய?"

எனக்கும் அதே சந்தேகம்தான். சின்ன டீச்சரைப் பார்த்தேன். "உட்கார்ந்திருக்கட்டும்" என்றாள். "அவர் வந்தது தெரிந்தால் போதும்." உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அரை நம்பிக்கைகூட இல்லை. இருப்பதோ இரண்டு நாள். ஒரு குடும்பத்தின் சாப்பாடு இதில் தொங்குகிறது. என் அறிவை நம்பி இரண்டு தடவை தப்பாகப் போனது, மூன்றாவது தடவையாவது தெரிந்தவள் சொல்வதைக் கேட்போம் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "வாசல் வரைக்கும் போனேன் டீச்சர். அந்தம்மா வீட்டுக்காரர் வெளிய உக்காந்திருந்தாரு. காலு நகரலை. திரும்பி வந்துட்டேன்."

ஏழாம் நாளுக்கு நடுவில் ஒரே ஒரு நாள், இவன் திரும்பி வந்திருக்கிறான்! வசவு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எதிரே சின்ன டீச்சர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, ஆனால் கத்தி நின்றுவிட்டது. நான் வசவை விழுங்கிக்கொண்டு, "சரிப்பா, நாளைக்குப் போ" என்றேன். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் பேசிய கஷ்டமான வாக்கியம் அதுதான். சின்னதுதான், சொல்லிப் பாருங்கள் தெரியும்.

ஆறாம் நாள் போன் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.  அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் படுத்துக்கிடந்தேன்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இதற்குப் பிறகு சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். வருகிற பையன்களுக்கு அவசரம் இருக்கும். "உத்தரவு போடுத வாக்கியத்தச் சொல்லித்தாங்க போதும்" என்பார்கள். சொல்லிக்கொடுங்கள். அதோடு அந்த உத்தரவைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஆளாகவும் ஒருமுறை அவர்களை நிற்கவையுங்கள். பையன்களில் ஒருவன் முகம் சுருங்கினாலும் பாடத்தை அங்கேயே நிறுத்துங்கள். அந்த நாட்டிலிருந்து உங்கள் வகுப்புக்கு யார் வந்தாலும், அவர்கள் சொல்வதைக் கேட்பதோடு விடாமல் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள்.

ஏழாம் நாள் மத்தியானம், குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தபோது முத்துராஜ் கூப்பிட்டான். அங்கே காலை ஷிப்ட் முடிகிற நேரம். அடுப்பை அணைத்தேன். ஸ்பீக்கரில் போடவில்லை.

"டீச்சர், வந்துட்டாங்க. காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்து மிஷின்ல நிக்காங்க."

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எப்பிடிப்பா? என்ன பேசுன?"

"ஒண்ணுமே பேசலை டீச்சர். நேத்துப் போனப்ப அவங்க வீட்டுக்காரரு உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு. உங்க ஊர்ல மழை உண்டான்னு கேட்டாரு. அய்யனார் கோவில் அருவியப் பத்திச் சொன்னேன். அந்தம்மா ஒரு மூலையில உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க. எனக்குச் சும்மா இருக்க முடியலை, நானும் போய் உக்காந்து உரிச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. மன்னிப்புங்கிற வார்த்தையே வரலை. சரி, எல்லாம் போச்சுன்னுதான் எந்திரிச்சேன்."

"பொறவு?"

"வாசல்ல செருப்பு மாட்டும்போது அந்தம்மா பக்கத்துல வந்து, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி ஒண்ணு சொன்னாங்க. ஒன்பதாம் நம்பர்ல மேல் ரோலர் ரப்பர் தேஞ்சிருக்கு, அதான் நூல் அறுது, மேனேஜர் கண்ணுல படுததுக்கு முன்னால நீங்க பாத்திருங்கன்னாங்க."  மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "காலையில முதல் வேலையாப் போயிக் கழட்டிப் பாத்தேன் டீச்சர். நல்லாத் தேஞ்சிருக்கு. நான் ஒன்பது வருஷம் பிட்டர். நான் பாத்திருக்கணும். அவங்க மேல தப்பே இல்லை. நான் கத்தும்போதே அவங்களுக்கு அது தெரியும். அம்புட்டுப் பேரு நிக்கும்போது சொன்னா எனக்கு அசிங்கமாப் போயிருமேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னுருக்காங்க."

 அவன் அழுது முடிக்கும்வரை நான் ஒன்றும் சொல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.